விளக்கு எரியும் வீடுகளை எண்ணாதே

மகன், உன் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த பளபளப்புப் புத்தகமும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். புத்தகத்தை ஒரு தரம் பார்த்தேன், அதற்கு அதுவே அதிகம். கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியோடு நிறுத்தியிருந்தால் தெருவில் போகிற வருகிற எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்திருப்பேன். நீ நிறுத்தவில்லை. ரொறன்ரோவில் கணனிப் பகுதியில் கிடைத்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, உன் சிநேகிதன் கொழும்புக் கம்பனியிடமிருந்து வாங்கியிருக்கிற ‘நீலத்தீவு’ கணனி விளையாட்டில் பங்காளியாகச் சேரப் போகிறாய் என்றும், கையெழுத்துப் போடுமுன் என்னைக் கேட்க நினைத்தாய் என்றும் எழுதியிருக்கிறாய். “அந்த விளையாட்டு உண்மையாக வெற்றிதானா சித்தப்பா? உங்களுக்குத்தான் தெரியும்.” கேட்டாயே, அது புத்தி. இந்த விஷயத்தில் கேட்கத் தகுந்த ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு என்ன தெரியும் என்று உன் வருங்கால மாமனார் நினைக்கக்கூடும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் முதன்முதலாக ஏழு கணனி போட்டு இன்ரநெற் கடை திறந்தவன் நான் என்று அவருக்குச் சொல். கடற்படையின் பெரிய பெரிய ஆட்கள் மின்னஞ்சல் அனுப்பத் தெரியாமல் என் வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள் என்றும் சொல். ஒருவர்தான் நின்றார், அதுவும் மழைக்கு ஒதுங்கி. ஆனாலும் தொப்பியைக் கழற்றினார்.

முதலில் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் பக்கத்தில் உன் சிநேகிதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கையைக் கட்டிக்கொண்டு படம் எடுப்பவனை நான் நம்புவதில்லை. அடுத்த பக்கத்தில் ஒரு கோடு. இடப்பக்கம் கீழே தொடங்கி வலப்பக்கம் மேலே ஏறுகிறது. மாதாமாதம் சந்தா கட்டுகிறவர்களின் தொகையாம். கோடு மேலே போனால் வெற்றியாம். இதைக் கண்டுபிடிக்கவா கனடாவில் பல்கலைக்கழகம் கட்டி வைத்திருக்கிறார்கள்? பின்பக்கம் திருப்பினால் ‘திருகோணமலை’ என்ற பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. என் ஆங்கிலம் உனக்குத் தெரியும், சைக்கிள் ஓடத் தெரியாதவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. ஆகவே அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிற நம் பக்கத்து வீட்டு மகாலிங்கத்தைக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, தேத்தண்ணீரும் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தான்: யுத்தம் நடக்கும் திருகோணமலை மாவட்டத்தில்கூட எங்கள் சந்தாதாரர் ஒருவர்தானும் விலகிப் போகவில்லை, எங்கள் விளையாட்டின் மீது மக்கள் வைத்திருக்கும் பற்றுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று.

மகாலிங்கம் கண்ணாடியைக் கழற்றினான். “அண்ணை, இது எங்களையோ சொல்லுறாங்கள்?”

“வேற ஆரையடா?”

“அட கடவுளே,” என்றவன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கால் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். உனக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நீலத்தீவு கடைக்கு வந்த காலத்தில் நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். பகல் முழுக்க ரியூசன், கடைக்குள் தலை காட்ட நேரமில்லை. கொழும்பிலிருந்து மாதத்துக்கு ஒரு பொதி வரும், அதற்குள் சுரண்டல் அட்டைகள். அட்டையைச் சுரண்டி இலக்கத்தை அடித்தால் ஒரு மாதத்துக்கு அந்தத் தீவில் உனக்கு ஒரு துண்டுக் காணி, ஒரு வீடு, ஒரு வள்ளம். இலங்கை முழுவதிலுமிருந்து ஆட்கள் அதே தீவில் அதே நேரத்தில் நடமாடுவார்கள், கதைப்பார்கள், சண்டை பிடிப்பார்கள். ஒரு வீட்டுக்கு யார் சந்தா கட்டினாலும் அதன் வாசலில் ஒரு விளக்கு எரியும். கட்டாமல் விட்டால் விளக்கு அணைந்துவிடும். அடுத்த மாதமும் கட்டாவிட்டால் முற்றத்தில் புல் முளைக்கும், பிறகு காணி வேறொருவனுக்குப் போய்விடும். இந்த விதியை யோசித்தவன் குளிரூட்டிய அறைக்குள் இருந்து யோசித்திருக்கிறான். வீட்டை விட்டுப் போனால் வீடு போய்விடும் என்று பயங்காட்டிச் சந்தா வாங்கலாம் என்று நினைத்திருக்கிறான். எங்கள் ஊர்ச் சனத்தோடு அந்த விளையாட்டு விளையாடக் கூடாது என்று அவனுக்கு யார் சொல்வது?

விளையாட வந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று உன் சிநேகிதன் நினைத்துக்கொண்டிருப்பான். குச்சவெளி யோகனை உனக்கு நினைவிருக்கும், அந்த நெடுவல் மீன்பிடிகாரன். கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த நாட்கள் அவை. வலையை வீட்டில் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்து என் கடையில் கணனிக்குள் மீன் பிடிப்பான். சிரிக்காதே, உண்மை. அவனுக்குப் பக்கத்துக் கணனியில் மூதூர் ரிபாய். மூதூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த மனிதர், சரக்கு எடுக்க வள்ளத்தில் இங்கே வந்தால் திரும்பும் வள்ளம் வெளிக்கிடும்வரை நீலத்தீவில் இருப்பார். இரண்டு பேருக்கும் தீவில் பக்கத்துப் பக்கத்து வீடு.

“அண்ணை, இஞ்ச வந்து பாருங்கோ,” என்று யோகன் கத்துவான். “பாரை மீனுக்கு மீசை வைச்சிருக்கிறான். இதைக் கீறினவன் கடலைக் கண்டவனோ, இல்லாட்டிப் பூனையைக் கண்டவனோ?”

“மீசய உடு மச்சான்,” என்பார் ரிபாய். “நீ ஒண்டப் புடிச்சிக் காட்டு பாப்பம். ஒனக்குக் கடலும் சரிவரல்ல, பொட்டியும் சரிவரல்ல.”

“என்ர வலையில வாறதெல்லாம் உங்கட வீட்டுப் பக்கமாத்தான் ஓடுது. ஆணி விக்கிற மனிசனுக்கு மீன் என்னத்துக்கு?”

“ஆணியையும் திண்டு பாத்தன், மீன்தான் ருசி.”

வெற்றி என்றால் அதுதான் வெற்றி மகன். கோடு அல்ல. மீசை வைத்த மீனைப் பார்த்து ஒருவனுக்குக் கோபம் வரவேண்டும். கோபம் வந்தும் அவன் அடுத்த நாள் பஸ் ஏறி வரவேண்டும். கரண்ட் போனால் தெரியும். அந்த நாட்களில் கரண்ட் போனால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். புழுக்கத்துக்குள் வேர்வை ஒழுக இருந்துகொண்டு, கரண்ட் வந்ததும் யார் எங்கே வள்ளத்தை விடுவது என்று கதை போகும். விளையாட்டு நின்ற பிறகும் நடக்கிற அந்தக் கதையை உன் சிநேகிதனின் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறான்? போடமாட்டான், அதற்குக் கோடு கீற ஏலாது. எனக்குச் சொந்தப் பெருமை பேசுகிற பழக்கம் இல்லை, ஆனால் இதை எல்லாம் அந்த நேரமே நான் கவனித்திருந்தேன். கவனித்துவிட்டு மறந்ததுதான் என் பிழை.

பிறகு மூதூரில் சண்டை வந்தது. சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டது. ரிபாய் குடும்பத்தோடு கந்தளாய் அகதி முகாமில் ஒரு தறப்பாளுக்குக் கீழே இருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். என் கடையில் ஏழு கணனியில் ஐந்து சும்மா கிடந்தது. ஆனால் மகன், அட்டை விற்பனை குறையவில்லை. கூடியது! மாதப் பொதி போதாமல் கொழும்புக்குக் கோல் எடுத்து இன்னும் அனுப்பச் சொன்னேன். எனக்குத் தலை கால் தெரியவில்லை. இந்த ஊரில் குண்டு விழுந்தாலும் நான் விற்கிற சாமானுக்குக் கிராக்கி என்று மார்தட்டினேன். கடைக்குள் ஆளில்லை என்பதை என் கண் பார்த்தது, அட்டை போகிறது என்பதை என் மனம் பார்த்தது. மனம் பார்த்ததை நம்பினேன்.

கொழும்பிலிருந்து ஒருவன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தான். அந்த வெயிலில் கழுத்துப்பட்டி! ஒரு கணனியில் இருந்து தீவைச் சுற்றிப் பார்த்தான். தீவில் எங்கள் ஊர்ச் சனம் இருந்த தெருவில் வீட்டுக்கு வீடு விளக்கு. ஒரு மனிதக் குஞ்சு இல்லை. எல்லா வாசலிலும் விளக்கு எரிகிறது, முற்றம் வெறிச்சென்று கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “அருமை சார். எவ்வளவு அமைதியான ஏரியா! யுத்தம் நடக்கிற இடத்துல இப்படி ஒரு வளர்ச்சிய நாங்க வேற எங்கயும் பாக்கல்ல.” அந்த மடையனுக்கு நான் தலையாட்டினேன். சிறந்த முகவர் என்று எழுதிய ஒரு கேடயத்தை என் கையில் தந்து படம் எடுத்தான். அதை அமைச்சர் கையால் வாங்கினேன் என்று உன் அம்மாவுக்குச் சொன்னேன். அவ நம்பினாவோ தெரியாது, தூசு தட்டி ஆணி அடித்து மாட்டிவிட்டா.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை யோகன் வந்தான். வழக்கம்போல மீனைத் திட்டவில்லை. கதிரையில்கூட இருக்கவில்லை. நின்றபடியே ஒவ்வொரு அட்டையாகச் சுரண்டி இலக்கத்தை அடித்துவிட்டு, தேத்தண்ணீர் ஆறுகிற நேரத்துக்குள் வெளிக்கிட்டான்.

“என்னடா, இண்டைக்கு மீன் இல்லையோ?” என்றேன்.

“மீன் பிடிச்சுக் கன நாள் அண்ணை. விளக்குகளைப் பாக்க வந்தனான்.”

“ஆற்ற விளக்கு?”

“ரிபாயின்ர. மற்ற மூதூர் ஆக்களின்ர. எல்லாருமாச் சேர்ந்துதான் போடுறம், முந்தி மூதூரில அட்டை வாங்கின ஆக்களுக்கும். மகாலிங்கம் அண்ணை ரெண்டு வீட்டைப் பாக்கிறார், துறையடியில ரிக்கற் குடுக்கிறவர் ஒரு வீடு.” அது என்னவோ ஊரில் எல்லாரும் செய்கிற வேலை என்பதுபோலச் சொன்னான். செய்கிற வேலைதான். பக்கத்து வீட்டுக்காரன் ஓடிவிட்டால், மிஞ்சியிருக்கிறவன் பின்னேரம் போய் அந்த வீட்டில் விளக்கு வைத்துவிட்டு வருவான், ஆள் இருக்கிற வீடு என்று காட்ட. ஆனால் கணனிக்குள்?

“அது பொய் வீடடா விசரா!” என்று கத்தினேன்.

“உண்மையான வீட்டுக்கு இப்ப போக ஏலாதாம் அண்ணை. இதுக்கெண்டாலும் போகலாம்தானே. அந்த மனிசன் திரும்பி வந்து பாக்கேக்க இதிலயும் புல்லு முளைச்சிருந்தா எப்பிடி இருக்கும்?”

அவன் போய்விட்டான். நான் கேடயத்தைப் பார்த்தபடி இருந்தேன். அட்டைகளை வாங்கியவர்கள் ஒருவரும் விளையாடவில்லை. விளையாடியவர்கள் ஒருவரும் ஊரில் இல்லை. வெற்றி என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது, போன ஆட்களுக்காக இருந்த ஆட்கள் வைத்த விளக்கு. அன்று பின்னேரமே நீ கடைக்கு வந்தாய். உன் கையில் பல்கலைக்கழகக் கடிதம் இருந்தது. பொறியியல். உன் அப்பா, என் அண்ணன், சீனன்குடா எண்ணெய்க் களஞ்சியத்தில் உடம்பு முழுக்க எண்ணெய் வாசத்தோடு வேலை செய்து, நீ நடக்கப் பழகுமுன் காய்ச்சலில் கண் மூடிய மனிதன், அவர் இருந்தால் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். நீ கேட்டாய்: “சித்தப்பா, பதியிறதுக்கு நாளைக்குத்தான் கடைசி. போகவோ, இல்லாட்டிக் கடையோட நிக்கவோ?”

காலையில் யோகன் சொன்னது என் காதில் இன்னும் இருந்தது. சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வசனத்தை நான் சொல்லியிருந்தால் நீ அடுத்த நாள் பஸ் ஏறியிருப்பாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், ஆனால் நான் என் கையால் எழுதவேண்டும். “கம்பஸ் படிச்சவங்கள் நாளைக்கு என்னட்டத்தான் வந்து வேலை கேப்பாங்கள். அந்தச் சுவரைப் பார்,” என்றேன். நீ கேடயத்தைப் பார்த்தாய். கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாய். பிறகு குசினிக்குப் போய் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தாய். ஒரு வருடம் கடையில் நின்றாய். ஆட்களைக் காணவில்லையே என்று நீ கேட்டபோதெல்லாம், அவர்கள் கந்தளாயில் இருந்து விளையாடுகிறார்கள் என்று கதை விட்டேன். பிறகு நீ வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டாய். சித்தப்பாவைக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தவர்களில் ரிபாய்தான் கடைசியாக வந்தார். மூதூரில் அவருடைய வீட்டுக்குக் கூரை இல்லை, கடைக்குக் கதவு இல்லை. கடைக்கு வந்து பழைய கணனியில் இருந்து தீவுக்குள் போனார். வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “இத ஆரு எரிய வெச்ச?” என்றார்.

யோகன் பக்கத்தில் நின்றான். “அது தன்பாட்டில எரியுது, ரிபாய் நானா. நல்ல கம்பனி.”

“பொய்க்காரன்,” என்றார் ரிபாய். யோகனின் தோளில் ஒரு அடி போட்டார். அன்றைக்குப் பிறகு அவர் ஒரு நாளும் விளையாடவில்லை. யோகனும் இல்லை, கடல் கொஞ்சம் திறந்துவிட்டதும் உண்மையான மீனிடம் போய்விட்டான். ஆனால் இன்றுவரை யோகன் வீட்டு விளக்குக்கு ரிபாய் அட்டை போடுகிறார், ரிபாய் வீட்டு விளக்குக்கு யோகன் போடுகிறான். நிறுத்துவோம் என்று சொல்ல இரண்டு பேருக்கும் வெட்கம். மகாலிங்கம் பார்க்கிற இரண்டு வீட்டுக்காரர் எங்கே என்றே தெரியாது. அதனால்தான் அவனும் நிறுத்தவில்லை. உன் சிநேகிதன் அச்சடித்துப் பெருமைப்படுகிற திருகோணமலைச் சந்தாதாரர் இவர்கள்தான். யுத்தத்திலும் விலகாத பற்றாம்! யுத்தம் என்றபடியால் விலக ஏலாமல் கிடக்கிறார்கள், மடையா. நாளைக்கு எல்லாரும் ஊருக்குத் திரும்பி நிம்மதியாக இருந்தால் அந்தக் கோடு கல்லுப் போட்ட மாதிரி விழும். அதை வாங்கித்தான் அவன் உனக்கு விற்கப் பார்க்கிறான். எங்களிடமிருந்து எடுத்ததை, எங்கள் பிள்ளைக்கே.

ஆகவே அவனுடைய புத்தகத்தை அடுப்புக்குள் போட்டுவிட்டு, நீயாகவே அந்தத் தீவுக்குள் இறங்கிப் போ. வீடு வீடாகத் தட்டு. யார் கதவைத் திறக்கிறார்கள் என்று பார். திறக்கிறவனிடம் அந்த மீசை மீனைப் பற்றிக் கேள். திட்டினால் அவன் விளையாடுகிறான், நல்ல மீன் என்றால் அவன் உன் சிநேகிதனின் சம்பளக்காரன். விலகிப் போன ஒருவனைத் தேடிப் பிடித்து, எதை விட்டுப் போனாய் என்று கேள். ஆட்களின் பெயரைச் சொன்னால் அங்கே ஏதோ இருந்திருக்கிறது. உன் கலியாண வீட்டுக்கும் இதையே சொல்கிறேன்: மண்டபத்துக்கு வந்த தலைகளை எண்ணிக்கொண்டு நிற்காதே, அடுத்த நாள் கதிரை அடுக்க யார் நிற்கிறார்கள் என்று பார். எல்லாத் திசையிலும் கேட்டு விசாரித்த பிறகும் கையெழுத்துப் போட மனம் சொன்னால் போடு. இந்த முறை சுவரைப் பார்த்து முடிவெடுக்காதே. கேடயத்தை நான் கழற்றிவிட்டேன். உன் அம்மா அதைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்திருக்கிறா, அளவாகப் பொருந்துகிறது.

இனி கடைசி விஷயம். அந்தத் தெருவில் உனக்கும் ஒரு வீடு இருக்கிறது. கடையில் நின்ற அந்த வருடம் முகவரின் பிள்ளை என்று உன் பெயரில் நான்தான் எடுத்துத் தந்தேன், நீ இரண்டு தரமோ மூன்று தரமோ உள்ளே போனாய். நீ போய் இரண்டாவது வருடம் நடக்கிறது. உன் வாசலில் இன்றைக்கும் விளக்கு எரிகிறது. யார் போடுகிறார்கள் என்று கேட்காதே. யோகனைப் பார்த்து விசரன் என்று கத்தியவன்தான் போடுகிறான். மாதத்தில் முதல் நாள் கடையைத் திறந்ததும் முதல் வேலை அதுதான், சாமிப் படத்துக்குப் பூ வைப்பதற்கு முன். உன் சிநேகிதனின் கோட்டில் ஒரு புள்ளி நான், ஒரு புள்ளி நீ. நீயே இல்லாத வீட்டைக் காட்டித்தான் உன்னிடம் கையெழுத்துக் கேட்கிறான்.

இந்த மாதத்தோடு நான் நிறுத்துகிறேன். அட்டை வாங்கமாட்டேன், இது முடிவு. அந்தத் தீவில் உனக்கு உண்மையாகவே ஏதும் வேண்டியிருந்தால் நீயே உள்ளே போய் உன் விளக்கை ஏற்று. அப்படி ஏற்றினால் விளையாட்டு நல்லது என்று நான் எல்லாருக்கும் சொல்வேன், வேலையை விட்டாலும் ஒன்றும் சொல்லமாட்டேன். உனக்கே போக மனம் வராவிட்டால் உன் கேள்விக்குப் பதில் உன்னிடமே இருக்கிறது, கையெழுத்துப் போடாதே. புல் முளைத்ததா என்று பார்க்க யோகனை அனுப்புவேன். நான் பார்க்கமாட்டேன். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், வேறொன்றும் இல்லை.

கலியாணத்துக்கு வர விசா கிடையாது என்று தெரிந்தும் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிற,
உன் சித்தப்பா.